நான் ஒன்றும் சொல்லவில்லையே!

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை மொழி பற்றிப் பேசும்படி கேட்டார்கள். இந்தப் பாடசாலையில் நான் மிக நன்றாகக் கற்ற மொழியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "தமிழோ, ஆங்கிலமோ?" என்றார்கள். "இரண்டும் இல்லை, முகம் சுழிக்கிற மொழி" என்றேன். தொலைபேசியின் மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வீடியோ அழைப்பாக இருந்திருந்தால் இன்றைய உரைக்கு வேண்டிய முதல் உதாரணம் அப்போதே கிடைத்திருக்கும்.

வாயைத் திறக்காமல் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வதும், "நீ சொல்வதை நான் நம்பவில்லை" என்று சொல்வதும் எங்கள் ஊரில் பழகிய கலை. அதற்கு எங்கள் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். புருவத்தை நெரித்தல், மூக்கைச் சுழித்தல், உதட்டைப் பிதுக்குதல், சொண்டை நெளித்தல், முகத்தைத் திருப்புதல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல், முழுசிப் பார்த்தல், ஏற இறங்கப் பார்த்தல், முகவாயைத் தோளில் இடித்தல். இவற்றை ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றாகப் பாவிக்க முடியாது. உதட்டைப் பிதுக்கினால் "ஆருக்குத் தெரியும், எனக்கெண்டா நம்பிக்கை இல்லை" என்று பொருள். அதில் பகை இல்லை. சொண்டை நெளித்தால் கதை வேறு. அங்கே சொல்லப்பட்ட விஷயம் போய், சொன்ன ஆளே மலிவாகிப் போகிறார். ஏற இறங்கப் பார்ப்பது தலையில் தொடங்கிச் செருப்பில் முடியும். செருப்பில் ஒரு கணம் தங்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் மிச்சப் பயணம் முழுவதும்.

இதற்கு இலக்கணமும் உண்டு. முழுசிப் பார்க்கும் உரிமை பெரியவருக்கு மட்டும். முகவாயைத் தோளில் இடிக்கும் உரிமை சின்னவருக்கு, அதுவும் பெரியவர் முதுகைக் காட்டிய பிறகு. மருமகள் நெற்றியைச் சுருக்கலாம், ஆனால் தலையிடி என்று சொல்லிக்கொள்ள வேண்டும். முகத்தாட்சணியம் என்றொரு சொல் வைத்திருக்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எதிரே இருப்பவரின் முகம் கோணிவிடுமே என்று பயந்து, கொடுக்க விரும்பாத கடனைக் கொடுக்கிறோம், போக விரும்பாத கலியாணத்துக்குப் போகிறோம்.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். 71ஆவது அதிகாரம் அரசவைக்கு, 110ஆவது காதலருக்கு. அரசனின் முகத்தைப் படிக்கத் தெரியாத அமைச்சனும், அவளின் முகத்தைப் படிக்கத் தெரியாத அவனும் ஒரே மாதிரி இடறுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சுக்கு எனக்கு வேண்டியது அந்த இரண்டுமல்ல, விருந்தோம்பல் அதிகாரம். அனிச்சம்பூ வாடுவதற்கு அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும், விருந்தாளி வாடுவதற்கு நாம் முகம் மாறிப் பார்த்தாலே போதும் என்கிறார். ஒருவரையும் தொடவேண்டியதில்லை, ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

இனி எங்கள் வகுப்பறைக்கு வருவோம். எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவரிடம் மூன்று பார்வைகள் இருந்தன. பெயர் சொல்லமாட்டேன். என்னோடு படித்தவர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலாவது பார்வையில் மூக்குக்கண்ணாடி சற்று இறங்கும், அதற்கு மேலால் இரண்டு கண்கள் வரும். "திரும்பச் செய்து பார்" என்று அதற்குப் பொருள். இரண்டாவதில் இடது புருவம் மட்டும் ஏறும். "நீ எழுதினதை நீயே நம்புறியோ?" மூன்றாவது பார்வை பார்வையே அல்ல. கொப்பியை மூடித் தந்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிடுவார். வேப்பமரத்தைப் பார்ப்பார். முதல் இரண்டுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. அழித்துவிட்டுத் திரும்பச் செய்தோம், பிழை பிடிபட்டது. மூன்றாவதுக்குப் பதில் சொல்ல இடமே இல்லை. வேப்பமரத்தோடு எப்படி வாதாடுவது?

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பை ஒரு புருவத்தால் நடத்துவது சிக்கனமான முறை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிரம்பு வேண்டாம், தொண்டையும் கெடாது. எங்கள் மாணவத் தலைவிகள் அந்தப் புருவத்தைப் பார்த்துப் பழகினார்கள். விடுதியில் இரவு கண்ணாடிக்கு முன் நின்று ஒற்றைப் புருவத்தைத் தூக்கிப் பயிற்சி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இன்று பெரிய வைத்தியராக இருக்கிறார், நோயாளிகள் மருந்தைத் தவறாமல் எடுக்கிறார்களாம்.

நடனம் படித்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. நாட்டிய சாஸ்திரம் புருவத்துக்கு மட்டும் 7 அசைவுகள் சொல்கிறது. புருவத்தை உயர்த்துவதற்குத் தனியிடம், நெரிப்பதற்குத் தனியிடம். மேடையில் பாடலின் பொருளுக்கு ஏற்ப அதைச் செய்யச் சொல்லித் தந்தார்கள். மேடையை விட்டு இறங்கிய பிறகு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

மேல்நாட்டார் இதைப் பிந்தித்தான் ஆராயத் தொடங்கினார்கள். சார்ல்ஸ் டார்வின் 1867இல் 16 கேள்விகள் கொண்ட ஒரு தாளை அச்சடித்து, உலகத்தின் பல பாகங்களில் இருந்த பாதிரிமாருக்கும் உத்தியோகத்தருக்கும் அனுப்பினார். அவமதிப்பைக் காட்டும்போது உங்கள் ஊர்ச் சனங்கள் உதட்டைச் சற்று முன்னே தள்ளி மூக்கைத் தூக்குகிறார்களா, ஆம் என்பதற்குத் தலையை மேலும் கீழும் அசைக்கிறார்களா என்றெல்லாம் கேட்டார். விடைகளைக் கொண்டு 1872இல் ஒரு புத்தகம் எழுதினார். தலையசைப்பைப் பற்றி எங்களிடம் கேட்டிருந்தால் அவருக்கு இன்னொரு புத்தகமே தேவைப்பட்டிருக்கும். நாங்கள் ஆம் என்று பக்கவாட்டில் ஆட்டும் தலையைப் பார்த்து, இல்லை என்கிறார்கள் என்று எண்ணித் திரும்பிப் போன வெள்ளைக்காரர் எத்தனையோ பேர்.

கிட்டடியில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு, 2016இல் வெளியானது. ஆங்கிலம், ஸ்பானிய மொழி, சீன மொழி பேசுபவர்களும், செவிப்புலன் அற்றோரின் அமெரிக்கச் சைகை மொழியில் பேசுபவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். மாணவர்களுக்கு எரிச்சல் மூட்டுவதற்காகப் பல்கலைக்கழகக் கட்டணத்தை 30 வீதம் கூட்டவேண்டும் என்கிறார்களே, என்ன நினைக்கிறீர்கள் என்பது போலக் கேட்டார்கள். எந்த மொழிக்காரராக இருந்தாலும் முகத்தில் வந்தது ஒன்றுதான். புருவம் நெரிந்தது, உதடு இறுகியது, முகவாய் மேலே எழுந்தது. சைகை மொழியில் சிலர் "இல்லை" என்ற சைகையைக் கையால் காட்டவே இல்லை, முகம் மட்டுமே அந்த "இல்லை"யைச் சொன்னது. முகச்சுழிப்பு அங்கே இலக்கணத்தின் ஒரு பகுதி. எங்கள் அம்மம்மாமாருக்கு இதைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள். இதற்கொரு பல்கலைக்கழகம் வேண்டுமோ என்று.

அம்மம்மாமாரைச் சொன்னதால் அவர்களிடமே போகிறேன். இந்தக் கலை ஏன் பெண்களிடம் இவ்வளவு தேறியது? பேச விடாத இடத்தில் முகம்தானே மிச்சம். ஆண்கள் விறாந்தையில் இருந்து கலியாணம் பேசுவார்கள். பெண்கள் குசினிக் கதவோடு நிற்பார்கள். தரகர் மாப்பிள்ளையின் உத்தியோகத்தைச் சொல்லுவார், காணி பூமியைச் சொல்லுவார். கதவடியில் நிற்கும் ஆச்சி ஒன்றும் பேசமாட்டார். தேத்தண்ணித் தட்டத்தை வைத்துவிட்டு உதட்டை ஒருதரம் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார். அந்தச் சம்பந்தம் முடிந்தது. பிறகு ஆச்சியைக் கேட்டால், "நான் ஒண்டும் சொல்லேல்லையே!" என்பார்.

அந்த வசனம்தான் இன்றைய பேச்சின் தலைப்பு. அது உண்மை. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லைத்தான். சொன்ன சொல்லுக்குச் சாட்சி உண்டு, கணக்குக் கேட்கலாம், "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று நியாயம் கேட்கலாம். முகத்துக்குச் சாட்சி இல்லை. "நான் வாயே திறக்கேல்லை, நீயாகத்தான் நினைச்சுக்கொண்டாய்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வழக்கில்லை. பேச உரிமை இல்லாதவருக்கு அது ஒரு கவசம். அந்த ஆச்சி பகிரங்கமாக "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த உதட்டுக்கு நான் எதிரியல்ல. எத்தனையோ பெண்பிள்ளைகளை அது காப்பாற்றியிருக்கிறது.

காலம் இன்னொன்றையும் எங்களுக்குப் பழக்கியது, முகத்தை வெறுமையாக வைத்திருக்க. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது புருவம் அசையக்கூடாது, உதடு இறுகக்கூடாது, சிரிக்கவும் கூடாது. பையைக் கொட்டிக் கிளறும்போதும் முகம் ஒன்றும் சொல்லக்கூடாது. பதினைந்து வயதில் நாங்கள் அதில் தேர்ந்திருந்தோம். சிலர் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகத்தைக் கழற்றவில்லை. கழற்ற முடியவில்லை என்பதுதான் சரி. வெறுமையான முகம் குழந்தைக்கு எப்படித் தெரிகிறது என்று எட்வர்ட் ட்ரொனிக் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1978இல் எழுதினார்கள். குழந்தையோடு சிரித்து விளையாடும் தாயை, சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, அம்மாவைத் திரும்பக் கொண்டுவர என்னென்னவோ செய்கிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிடுகிறது. எங்கள் தலைமுறையின் தாய்மாரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த முகம் எங்கே பழக்கப்பட்டது என்று எங்கள் பிள்ளைகளுக்கும் ஒருநாள் சொல்லிவைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் "அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது" என்றுதான் அவர்கள் அதைப் படிப்பார்கள்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த ஒரு பரிசோதனை. ஒரு மேசை, மேலே தடித்த கண்ணாடி. பாதி மேசைக்குக் கண்ணாடியோடு ஒட்டிக் கட்டம் போட்ட துணி. மற்றப் பாதியில் துணி கீழே தாழ்ந்து கிடக்கிறது. பார்த்தால் பள்ளம் மாதிரி இருக்கும், விழ முடியாது. 1985இல் வெளியான ஆய்வில் அந்தப் பள்ளத்தை மிகப் பெரிதாக வைக்கவில்லை, போகலாமோ போகக்கூடாதோ என்று குழம்பும் அளவுக்கு மட்டும் வைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தைகளை இந்தப் பக்கம் விட்டார்கள், அம்மா அந்தப் பக்கம். குழந்தை தவழ்ந்து வருகிறது, விளிம்பைக் காண்கிறது, நிற்கிறது, நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அம்மாவுக்குப் பேச அனுமதி இல்லை. மகிழ்ச்சியான முகம் காட்டிய அம்மாமாரின் 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் கடந்து வந்தன. பயந்த முகம் காட்டியவர்களின் 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. கோப முகம் காட்டியபோது 18இல் 2 மட்டும் வந்தன.

கண்ணாடி அதே கண்ணாடி. பள்ளம் அதே பள்ளம்.

ஆசிரியையாக இருந்தவர்களுக்கு இந்த விளிம்பு தெரியும். கையை அரைவாசி உயர்த்திவிட்டு, முழுதாக உயர்த்துவதா இறக்குவதா என்று ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்க்குமே, அதுதான் அந்த விளிம்பு.

எங்கள் வகுப்புக்கு வருடத்தின் நடுப்பகுதியில் இடம்பெயர்ந்து வந்த பிள்ளை ஒருத்தி சேர்ந்தாள். வெள்ளைச் சட்டை தண்ணீரில் மங்கியிருந்தது. சப்பாத்துக்குப் பதிலாக றப்பர்ச் செருப்பு. விஞ்ஞான பாடத்தில் ஒருநாள் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய ஊர்ப் பேச்சு எங்களுடையதுபோல இருக்காது. வகுப்பு முழுவதும் திரும்பியது. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. முப்பத்தைந்து சொண்டுகள், அவ்வளவுதான். அவள் கேள்வியின் நடுவில் நின்றுவிட்டாள்.

ரீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்தார். "திரும்பிப் பாக்கிறவை எழும்பி நிண்டு சொல்லுங்கோ" என்றார். ஒருவரும் எழும்பவில்லை. "பாக்க வேண்டாம், சொல்லுங்கோ. முகத்தில என்ன இருக்கோ, அதை வாயால சொல்லுங்கோ. நானும் கேக்கிறன், அவளும் கேப்பாள்." ஒவ்வொருவராகப் பார்த்துக் காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார், எங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லை. என்ன சொல்லுவது? "உன்ர செருப்பு எனக்குப் பிடிக்கேல்லை" என்று எழும்பி நின்று எந்தப் பிள்ளை சொல்லும்? முகத்தில் இருந்தபோது பெரிதாக இருந்தது வாய்க்குக் கொண்டுவரும்போது ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. பிறகு ரீச்சர் அவளைப் பார்த்து, "நீ கேள் பிள்ளை, முதலில இருந்து கேள்" என்றார். அவள் கேட்டாள். இலை இரவிலும் மூச்சு விடுமோ என்பது கேள்வி. அன்றைய பாடம் முழுவதும் அதற்கே போயிற்று.

அவளோடு இப்போதும் தொடர்பு உண்டு. பெயரைச் சொல்ல அனுமதி தரவில்லை, ஆனால் கதையைச் சொல்லலாம் என்றாள்.

அப்படியானால் முகம் சுழிப்பதை விட்டுவிட வேண்டுமா? முடியாது. வேண்டவும் வேண்டாம். சந்தேகப்படும் முகம் இன்றைக்கு முன்னெப்போதையும்விடத் தேவை. வெளிநாட்டில் வேலை எடுத்துத் தருகிறேன், முதலில் பணத்தைக் கட்டுங்கள் என்று வருபவருக்கு முன்னால் ஒரு தாயின் புருவம் ஏறத்தான் வேண்டும். இரட்டிப்பு வட்டி தருகிறோம் என்று வருபவருக்கு முன்னால் உதடு பிதுங்கத்தான் வேண்டும். கைத்தொலைபேசியில் வந்து விழும் மருத்துவக் குறிப்புகளை எங்கள் கணக்கு ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்ததுபோலப் பார்க்கும் பிள்ளைகளை இந்தப் பாடசாலை உருவாக்கினால் எனக்கு அதுவே போதும்.

ஆனால் சந்தேகத்தின் முகமும் ஏளனத்தின் முகமும் வெவ்வேறு. கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்து பாருங்கள். சந்தேகப்படும்போது புருவம் ஏறுகிறது, கண் அகலுகிறது, பார்வை எதிரே இருப்பவரில் நிற்கிறது. அடுத்து ஒரு பதிலை அது எதிர்பார்க்கிறது. ஏளனத்தில் வாயின் ஒரு மூலை மட்டும் இறுகி மேலே போகும், கண் விலகும். போல் எக்மன் என்ற ஆய்வாளரும் அவரது சகாவும் 1980களில் அந்த ஒருபக்க உதட்டைத்தான் அவமதிப்பின் அடையாளமாகச் சொன்னார்கள். எல்லாச் சமூகத்துக்கும் அது பொருந்துமோ என்று ஆய்வாளர்கள் வாதாடினார்கள். எங்கள் சமூகத்தில் சொண்டை நெளித்தல் என்று பெயரே இருக்கும்போது எனக்கு அந்த வாதத்தில் பெரிய அக்கறை இல்லை. கணவன் மனைவியரைப் படம்பிடித்து ஆராய்ந்த ஜோன் கொட்மன், வாழ்க்கை முறியப்போவதைக் காட்டும் அடையாளங்களில் ஏளனத்தையே மிக மோசமானது என்கிறார். அதில் கண்ணை உருட்டுவதையும் சேர்க்கிறார்.

கண்ணை உருட்டுதல் என்றதும் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமாரின் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். இங்கே கண்ணை உருட்டுவது பெரியவர்களின் சொத்து. குழப்படி செய்யும் பிள்ளையைப் பார்த்துக் கண்ணை விரித்து உருட்டினால் பிள்ளை அடங்கும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அதே சொல் கை மாறிவிட்டது. அங்கே பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துக் கண்ணை மேலே உருட்டுகிறார்கள். "எனக்கே கண்ணை உருட்டுறாளோ?" என்று ஒரு அம்மம்மா கேட்டால் அவர் கேட்பது வேறு, பேத்தி செய்தது வேறு. அம்மம்மாவுக்கு அது மிரட்டலாகத் தெரிகிறது, "ஐயோ, திரும்பவும் தொடங்கீட்டா" என்பதுதான் பேத்தியின் பொருள். இரண்டும் நல்லதில்லைத்தான், ஆனால் சண்டை பிடிப்பதற்கு முன் எதைப் பற்றிச் சண்டை என்றாவது தெரியவேண்டாமா? வீடியோ அழைப்பு இதை இன்னும் சிக்கலாக்கிவிட்டது. அம்மம்மா தொலைபேசியை முகத்துக்கு மிகக் கிட்டப் பிடிக்கிறார். எழுத்து வாசிக்கக் கண்ணைச் சுருக்குகிறார். மெல்பேணில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு அது கோபமாகத் தெரிகிறது. நெற்றி நிறையச் சுருக்கம், வாயும் பாதிதான் தெரிகிறது.

அரை முகம் என்றால் என்னவென்று 2020இலும் 2021இலும் எல்லோரும் படித்தோம். முகக்கவசத்தோடு படிப்பித்த ஆசிரியைகள் சிலரிடம் கேட்டேன். "அப்பதான் நாங்கள் நிறையக் கதைக்கப் பழகினம்" என்றார் ஒருவர். சிரித்தால் பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆகவே "நல்ல விடை" என்று சொல்ல வேண்டியிருந்தது. சுழித்தாலும் தெரியாது, ஆகவே எது பிழை என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் வகுப்பில் அந்த வருடம் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டார்களாம். கவசம் கழன்ற பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இனி எங்கள் சங்கத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன் என்று சிலர் ஊகித்திருப்பீர்கள். நாங்கள் வருடாவருடம் புலமைப்பரிசில் கொடுக்கிறோம். நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைக்கு வயது பதினாறு. நீண்ட மேசைக்குப் பின்னால் நாங்கள் ஐந்து பேர், நல்ல சேலையோடு. அவளுக்குத் தனிக் கதிரை ஒன்று, நடுவில். அவள் வாயைத் திறப்பதற்கு முன் ஐந்து முகத்தையும் ஒருதரம் பார்க்கிறாள். எங்களில் ஒருவர் கண்ணாடி இல்லாமல் விண்ணப்பத்தை வாசிக்கக் கண்ணைச் சுருக்குகிறார். ஒருவருக்கு முழங்கால் நோ, முகம் இறுகியிருக்கிறது. ஒருவர் அவளது ஆங்கிலப் புள்ளியைப் பார்த்துப் புருவத்தை நெரிக்கிறார். எது எதற்கென்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருப்பதும் ஒரு கண்ணாடி மேசைதான். சிலருக்கு அதற்கு மறுபக்கத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. தகப்பன் இல்லாத வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். எங்கள் பணம் கிடைக்காவிட்டால் உயர்தர வகுப்போடு நிற்கப்போகிறவர்கள் அவர்கள்.

அடுத்த தேர்வு வருவதற்கு முன் மூன்று காரியங்களைச் செயற்குழுவின் முன் வைக்கிறேன். அந்த நீண்ட மேசையை எடுத்துவிட வேண்டும். ஐந்து பேருக்குப் பதிலாக இரண்டு பேர் போதும், அவர்களும் பிள்ளையோடு வட்டமாக இருக்கட்டும். விண்ணப்பத்தை எல்லோரும் முன்கூட்டியே வாசித்துவிட்டு வரவேண்டும், தேவையானவர்கள் கண்ணாடியோடு. புள்ளியில் சந்தேகம் வந்தால் முகத்தில் வைத்திருக்காமல் கேட்க வேண்டும்: "ஒன்பதாம் வகுப்பில் உன் புள்ளி குறைந்திருக்கிறது, என்ன நடந்தது?" கடைசியாக, கிடைக்காத பிள்ளைக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று எழுத்தில் ஒரு கடிதம். இரண்டு வரி போதும். அதற்குப் பதில் எழுத அவளுக்கு உரிமையும் இருக்க வேண்டும்.

பொருளாளர் அக்கா உதட்டைப் பிதுக்குகிறார், தபால் செலவை நினைத்து. அக்கா, உங்களுக்கு மறுப்பு இருந்தால் எழும்பிச் சொல்லுங்கோ, நானும் பதில் சொல்லுகிறேன்.

இனிக் கேள்வி நேரம் என்று அறிவிப்பாளர் சொல்கிறார். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்போம். மூன்றாவது கதிரையில் இருக்கிற பிள்ளை கையை அரைவாசி உயர்த்தியிருக்கிறா. ஒலிவாங்கியை அவவிடம் கொடுங்கோ. நீங்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.